முறைத் தண்ணீரும் மிளகாய்ப் பூவும்

போன வருஷம் மாசி மாதம் முழுக்கக் காலையில் எனக்கு ஒரே வேலைதான். மிளகாய்த் தோட்டத்துக்குப் போய், உதிர்ந்து கிடக்கிற பூவைக் குனிந்து பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பி வருவது. சுண்டுவிரல் நகம் அளவு வெள்ளைப் பூ. கரிசல் மண்ணில் விழுந்தால் பொரி சிந்தின மாதிரி தெரியும். வாடிக் கருகி விழுந்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். இது நன்றாக விரிந்த பூ. காம்பு மட்டும் மஞ்சளடித்து, கணுவோடு கழன்று கிடக்கும். செடியே "எனக்கு வேண்டாம்" என்று உதறிவிட்ட மாதிரி.

ஒன்றரை ஏக்கர், வத்தலுக்காகப் போட்டது. அந்த வருஷம் எங்களுக்கு வேறு வெள்ளாமை கிடையாது. பாதியில் உளுந்து விதைப்போம் என்று நான் சொன்னதற்கு என் வீட்டுக்காரர், கிணறு இருக்கும்போது என்னத்துக்கு உளுந்து என்று முழுக்க மிளகாய் நட்டுவிட்டார். எங்களுக்கு எல்லாமே அந்தச் செடிகள்தான். அவை ராத்திரி ராத்திரியாகப் பூவைக் கொட்டிக்கொண்டிருந்தன.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. அப்புறம் ரேடியோ, போனில் வருகிற வீடியோ, மருந்து டப்பாவில் ஒட்டியிருக்கிற பொடி எழுத்துக் காகிதம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பேன். அதைவிடப் பெரிய கிறுக்கு, ஆட்கள் பேசுவதைக் கேட்பது. களையெடுக்க வருகிறவர்கள் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விடுவார்கள். நான் அதை நாள் முழுக்க மென்றுகொண்டே இருப்பேன்.

அப்படி ஒரு நாள் மத்தியானம், மிளகாய் இலையெல்லாம் தொங்கிப்போய் நிற்பதைப் பார்த்து நான் பதறினேன். களையெடுத்த ஒரு அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்.

"இது கண்ணசருது மதினி. கண்ணை மூடலை. விடியக்காலம் வந்து பாருங்க. அப்பவும் தொங்குனா அப்பம் பதறுங்க."

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மாதம் என் வீட்டுக்காரரோடு மல்லுக்கு நின்றேன்.

அதற்கு முன்னால் கிணற்றுக் கதையைச் சொல்ல வேண்டும். கிணறு என் மாமனார் வெட்டியது. அவருக்குப் பிறகு இரண்டு பங்கு. மூன்று நாள் எங்கள் முறை, அடுத்த மூன்று நாள் என் கொழுந்தனார் முறை. ஒரே கிணறு, ஒரே மோட்டார், ஆனால் வாய்க்கால் இரண்டு. கிழக்கே போனால் எங்கள் மிளகாய், மேற்கே போனால் அவருடைய எலுமிச்சை. மோட்டார் ஓடுவதற்கான மும்முனை கரண்ட் காலையில் வந்து மத்தியானம் இரண்டரைக்குப் போய்விடும். அந்த நேரத்துக்குள் பாய்ச்சினால் பாய்ச்சியது. விட்ட முறை விட்டதுதான். "நேற்று நான் பாய்ச்சவில்லை, இன்றைக்குக் கொடு" என்று கேட்க முடியாது. இது எழுதி வைத்த சட்டம் இல்லை. எழுதி வைத்திருந்தால்கூடத் திருத்தலாம்.

இதனால் எங்கள் பக்கத்துக் கூட்டுக் கிணற்றுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு. செடிக்குத் தண்ணீர் வேண்டுமா என்று பார்க்க மாட்டார்கள். இன்றைக்கு முறையா என்றுதான் பார்ப்பார்கள். முறை என்றால் மோட்டார் ஓட வேண்டும். என் வீட்டுக்காரர் கார்த்திகை அடைமழையில் ஒரு கையில் குடையும் ஒரு கையில் மண்வெட்டியுமாகப் போய்த் தண்ணீர் பாய்ச்சியவர். சினிமாவுக்குச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர், நடுவில் இவர். நான் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன். இவர் திரும்பி, "நம்ம முறை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த பாத்தியின் வாயைத் திறந்தார்.

இவர் பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. இவருடைய தாய்மாமன் ஒருத்தர் திருப்பூருக்குப் பிழைக்கப் போய், இரண்டு வருஷம் முறையை விட்டுவிட்டு வந்தார். வந்து பார்த்தால் கிணற்றில் அவருக்குப் பங்கு இருந்ததாகவே யாருக்கும் ஞாபகம் இல்லை. அதைப் பார்த்து வளர்ந்தவர் இவர். முறை நாளில் மோட்டார் சத்தம் கேட்காவிட்டால் இவருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும்.

அந்த வருஷம் பனியே இல்லை. வழக்கமாக மாசி வரைக்கும் விடியற்காலையில் வரப்பில் நடந்தால் சேலைக் கரை நனையும். மிளகாய் இலையில் முத்து முத்தாக நிற்கும். மிளகாய்க்குப் பாதி உயிர் அந்தக் குளிரில்தான் இருக்கிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம் தை பாதியிலேயே ராத்திரி புழுங்க ஆரம்பித்துவிட்டது. சித்திரையில் போடுகிற மின்விசிறியை மாசியில் போட்டோம். சேலைக் கரை நனையவே இல்லை. என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது ராயகிரியில். மலை பக்கம், கொஞ்சம் குளிரும் என்று நினைத்துப் போன் போட்டேன். அங்கேயும் போர்வையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்களாம்.

பூ விழ ஆரம்பித்ததும் இவர் ஒரே தீர்ப்புதான் சொன்னார்: தண்ணீர் காணவில்லை. மத்தியானம் இலை தொங்குகிறது, காலையில் பூ கிடக்கிறது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றார். மூன்று நாள் முறையில் ஒரு தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், முதல் நாள் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் ஒரு தண்ணீர் என்று இரண்டாக்கினார்.

கரிசல் மண் தெரியும் அல்லவா? குடித்ததை எளிதில் விடாது. மேலே ஒரு விரல் ஆழத்துக்குக் காய்ந்து வெடித்திருக்கும். கீழே கையை விட்டால் களி மாதிரி ஒட்டும். ஒட்டின விரலை இவர் முகத்துக்கு நேரே காட்டினேன். மேலே வெடிச்சிருக்கே அதைப் பார் என்றார்.

வாயால் சொல்லி ஆகாது என்று ஒரு வேலை செய்தேன். புதுச் சேலை வைத்து வந்த கண்ணாடி மாதிரி பாலித்தீன் கவர் ஒன்று வீட்டில் கிடந்தது. காலையில் ஒரு மிளகாய்க் கொப்பை அதற்குள் விட்டு வாயை நூலால் கட்டினேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் உள்பக்கம் முழுக்க நீர். கொட்டி அளந்தால் ஒரு கரண்டி தேறும். ஒரு சின்னக் கொப்பு, அரை நாளில். அப்படியென்றால் ஒரு செடி முழுக்க எவ்வளவு, ஒன்றரை ஏக்கருக்கும் எவ்வளவு? இலையில் கண்ணுக்குத் தெரியாத வாய் ஆயிரம் இருக்கிறது, அதன் வழியாகத்தான் செடி வியர்க்கிறது என்று வீடியோவில் கேட்டிருந்தேன். கேட்பது வேறு, கவரில் தொங்கும்போது பார்ப்பது வேறு.

கொழுந்தனார் பெண்டாட்டி, என் ஓரகத்தி, எலுமிச்சைத் தோட்டத்திலிருந்து எட்டிப் பார்த்து, அக்கா செடிக்கு முக்காடு போட்டுக் கலியாணம் பண்ணுதா என்று கேட்டாள். கேலி செய்தாலும் பக்கத்தில் வந்து பார்த்தாள். அவள் எதையும் பார்க்காமல் விட மாட்டாள்.

எனக்கு அப்போதுதான் அந்தக் களையெடுத்த அக்கா சொன்னது பிடிபட்டது. உச்சி வெயிலில் இலை வியர்க்கிற வேகத்துக்கு வேர் தண்ணீர் இழுத்துக் கொடுக்க முடிவதில்லை. மண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் முடியாது. அதனால் செடி இலையைத் தொங்கவிட்டு, வெயில் நேராகப் படாமல் பார்த்துக்கொள்கிறது, இலையின் வாயையும் பாதி மூடிக்கொள்கிறது. அதைத் தாகம் என்று எடுத்துக்கொள்வது நம் தப்பு. நாமும்தானே மத்தியானம் வெயிலில் வந்தால் வேப்ப மரத்தடியில் கொஞ்சம் சாய்கிறோம்? சாய்ந்தவனை எழுப்பி எழுப்பிச் சோறு ஊட்டினால் எப்படி இருக்கும்? சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். ஒருத்தரும் தண்ணீர் ஊற்றாமலே இலையெல்லாம் நிமிர்ந்திருந்தது.

சந்தோஷத்தோடு இவரிடம் ஓடினேன். கவரைக் காட்டினேன், இலை நிமிர்ந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், ஒரு கொப்பே ஒரு கரண்டி தண்ணீர் விடுதுன்னா நாம இன்னும்ல பாய்ச்சணும் என்றார். நான் கொண்டுபோன சாட்சியை வைத்தே என்னைத் தோற்கடித்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் உப்புப் போட மறந்தேன் என்று அவர் இன்றும் சொல்கிறார். மறக்கவில்லை.

பூ உதிர்வுக்கு டானிக் வாங்கலாம் என்று சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். உரக்கடை அண்ணாச்சி ஒரு பாட்டிலை எடுத்து வைத்து, பூ நிற்கும், காய் பிடிக்கும், பச்சை ஏறும் என்று வரிசையாகச் சொன்னார். எல்லாம் சரி அண்ணாச்சி, ராத்திரிச் சூட்டுக்கு மருந்து இருக்கா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அதுக்கு வயல்ல ஏசிதான் போடணும் என்றார். பாட்டிலை வாங்கி அடித்தோம். மூன்று நாள் செடி பளபளவென்று இருந்தது. நாலாம் நாள் பளபளவென்று இருந்துகொண்டே பூவைக் கொட்டியது.

அதே வாரம் எங்கள் ஒன்றியத்தில் விவசாயிகள் கூட்டம் ஒன்று நடந்தது. சொட்டு நீரைப் பற்றிப் பேச ஒரு இளம் பெண் அதிகாரி வந்திருந்தார். கூட்டம் முடிந்து டீ கொடுக்கும்போது அவரை மடக்கி, ராத்திரி புழுங்கினால் மிளகாய் என்ன செய்யும் என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னார். அதற்காகவே அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்தது. செடிக்கும் ராத்திரியில் மூச்சு உண்டு, குளிராக இருந்தால் அது மெதுவாக மூச்சு விட்டு இளைப்பாறும், சூடாக இருந்தால் வேகவேகமாக விடும், பகலில் வெயிலை வைத்துச் சமைத்ததையெல்லாம் அந்த மூச்சுக்கே ராத்திரியில் செலவழித்துவிடும், பூவுக்கும் பிஞ்சுக்கும் மிச்சம் இருக்காது என்றார். பூவுக்குள்ளே இருக்கிற மகரந்தமும் அந்தச் சூட்டில் கெட்டுப்போகும், கெட்டபின் செடியே அந்தப் பூவைக் கழற்றிவிடும் என்றார். இதற்குத் தண்ணீர் மருந்தாகுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, ஈரம் அதிகமானால் வேரும் போய்விடும், பார்த்துச் செய்யுங்கள் என்றார். சரி, ராத்திரிச் சூட்டுக்கு என்னதான் செய்வது? அடுத்த வருஷம் முன்கூட்டியே நட்டுப் பாருங்கள், ரகத்தை மாற்றிப் பாருங்கள் என்றார். இந்த வருஷத்துக்கு? அதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. இல்லை என்று சொல்லவும் செய்தார்.

எனக்குக் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்த பழக்கம் உண்டு. தூங்காத உடம்பு எப்படி இருக்கும் என்று தெரியும். எவ்வளவு தின்றாலும் கன்னம் ஒட்டித்தான் இருக்கும். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, ஒன்றரை ஏக்கர் செடியும் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் காது கொடுத்ததெல்லாம் "ஈரம் அதிகமானால்" என்கிற இடம் வரைக்கும்தான்; அந்தச் சொல் வந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்குள் கடைசிப் பாத்திகள் மஞ்சளடிக்கத் தொடங்கியிருந்தன. எங்கள் தோட்டம் கிழக்கே சாய்மானம். மேலே விடுகிற தண்ணீர் எல்லாம் கடைசியில் போய்த் தேங்கும். அங்கே செடிகள் மத்தியானம் தொங்கின, சாயங்காலம் நிமிரவில்லை, விடியற்காலையிலும் தொங்கின. இதுதான் அந்த அக்கா சொன்ன "கண்ணை மூடுது". ஒரு செடியைப் பிடுங்கினேன். வெண்ணெயிலிருந்து முடி உருவுகிற மாதிரி வந்தது. வேர் பழுப்பேறி, தோல் உரிந்து, நாற்றம் அடித்தது. நின்ற தண்ணீரில் வேருக்கு மூச்சு முட்டி, அழுகி, அழுகினதால் தண்ணீர் இழுக்க முடியாமல், ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தால் சாகிறது. அது வாடுவதைப் பார்த்து இவர் இன்னும் பாய்ச்சுகிறார்.

அந்த வேரை இவர் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஏளா, ஒரு முறை விட்டம்னு வையி. எலுமிச்சைக்குப் பத்தலைன்னு அவன் ஏற்கனவே மொணங்கிட்டுத் திரியுதான். அண்ணனுக்குத் தண்ணி வேண்டாம்போலன்னு ஊரெல்லாம் சொல்லிருவான். அப்பொறம் கெணத்துல நமக்கு என்ன இருக்கு?"

"செடி செத்தப்பொறம் கெணத்த வச்சு என்ன செய்ய? குளிக்கவா?"

மறுநாள் முறை. மோட்டார் ஓடியது.

அப்புறம் நான் செய்தது திருட்டுத்தனம்தான். நடுவில் நாலு பாத்தியின் வாயை மண்ணை வைத்து நன்றாக அடைத்து, மேலே சருகைப் பரப்பினேன். தண்ணீர் அவற்றைத் தாண்டிப் போயிற்று. இவர் மேல்பக்கம் நின்று மடை மாற்றுகிற பழக்கம், ஆதலால் கவனிக்கவில்லை. இரண்டு முறை இப்படிப் போனது. பன்னிரண்டு நாளில் நாலு தண்ணீர் அந்த நாலு பாத்திக்கும் போகவில்லை. எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. தினமும் விடிந்ததும் முதலில் அங்கேதான் ஓடுவேன். அவை காலையில் நிமிர்ந்து நின்றன. மத்தியானம் மற்றதைப் போலவே கண்ணசந்தன. சாயங்காலம் எழுந்தன. ஒரு செடியைப் பிடுங்க முயன்றேன். மண் விடவில்லை. கொத்தித்தான் எடுத்தேன். வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது.

மூன்றாவது முறையில் பிடிபட்டேன். சருகுக்குக் கீழே இருந்த மண்ணை இவர் காலால் தட்டிப் பார்த்துவிட்டார். என்ன கத்துக் கத்தினார் என்று எழுதப்போவதில்லை. கத்தி முடித்தபின் நான் இவரை அந்தப் பாத்திக்குக் கூட்டிப்போய் வெள்ளை வேரைக் காட்டினேன். பக்கத்துப் பாத்தியின் பழுப்பு வேரையும் காட்டினேன். இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இவர் குனிந்து, என் நாலு பாத்தியில் கிடந்த பூவைப் பொறுக்கினார். ஒரு கை நிறைய இருந்தது. உள்ளங்கையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"உன் பாத்தியிலயும்தான் கொட்டிக் கெடக்கு. இதுக்கு என்ன சொல்லுதே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் சொன்னது நிஜம். தண்ணீர் விட்ட இடத்திலும் பூ விழுந்தது, விடாத இடத்திலும் விழுந்தது. விட்ட இடத்தில் வேரும் போனது, விடாத இடத்தில் வேர் மிஞ்சியது. அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டும் இரண்டு வியாதி என்று நான் சொல்கிறேன். இவருக்கு ஒரே வியாதிதான் தெரிகிறது. ஒன்றுக்கு மருந்து கையில் இருக்கிறது, தண்ணீரை நிறுத்தினால் போதும். இன்னொன்றுக்கு மருந்தே இல்லை. மருந்து இல்லாததைக் காட்டி, மருந்து இருப்பதையும் வேண்டாம் என்கிறார். இதை எத்தனை விதமாகத்தான் சொல்வது? சமையலில் வைத்துச் சொன்னேன், மில்லில் வைத்துச் சொன்னேன், இவருடைய மூட்டுவலியையும் சர்க்கரையையும் வைத்தே சொன்னேன். சர்க்கரைக்கும் மூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றார். சம்பந்தமே இல்லை, அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றேன்.

அடுத்த வாரத்துக்குள் சாய்மானத்தில் இருந்த பாத்திகளில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மேல்பக்கமும் அங்கொன்று இங்கொன்றாக மஞ்சளடித்தது. ஒரு நாள் காலையில் இவர் தானாகவே ஒரு செடியைப் பிடுங்கி, வேரை மோந்து பார்த்துவிட்டு, வீசி எறியாமல் வரப்பில் பத்திரமாக வைத்தார். வீட்டுக்கு வந்து, இந்த முறையை விடுவோம் என்றார்.

என் காதில் விழுந்தது சரிதானா என்று இருந்தது. அதற்குள் அடுத்த பேச்சு வந்தது. சும்மா விட முடியாதாம். நம் முறையைத் தம்பிக்கு நாமாகக் கொடுக்க வேண்டுமாம். கொடுத்தால் உரிமை நம்மிடம் இருக்கிறது என்று அர்த்தம், விட்டால் இல்லை என்று அர்த்தம். சரி, எப்படியோ மோட்டார் நம் பக்கம் ஓடாமல் இருந்தால் போதும் என்று நானும் கூடவே கிணற்றடிக்குப் போனேன்.

கொழுந்தனார் எலுமிச்சைக்கு அடியில் களை செதுக்கிக்கொண்டிருந்தார். ஓரகத்தி வரப்பில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். இவர் போய், நாளைக்கு எங்க முறை, மூணு நாளும் நீயே பாய்ச்சிக்கோ என்றார். கொழுந்தனார் செதுக்குவதை நிறுத்தி அண்ணன் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு கிணற்றைப் பார்த்தார். மோட்டார் புகைந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றோம். தண்ணீர் கீழே போய்விட்டதா? இல்லை. பின்னே என்ன?

"செடிக்கு ஈரம் கூடிப்போச்சுலே. அதான்."

"ஈரம் கூடிப்போச்சா? மழையில கொடை பிடிச்சுப் பாய்ச்சுன ஆளா இதைச் சொல்லுதது?"

ஓரகத்தி கீரையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். இவர் காது சிவந்தது. நான் நடுவில் புகுந்து வேர், மூச்சு, ராத்திரிச் சூடு எல்லாவற்றையும் சொன்னேன். கொழுந்தனார் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஒன்றும் உள்ளே போகவில்லை என்பது தலையாட்டலிலேயே தெரிந்தது.

"மதினி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா நான் எடுக்க மாட்டேன். இன்னைக்கு எடுத்தேம்னா, 'எம்முறையில நீ பாய்ச்சுனேல்லா, இப்பம் உம்முறையைத் தா'ன்னு நாளைக்கே அண்ணன் வந்து நிப்பாரு. அவரு தண்ணி அவரோட இருக்கட்டும்."

இவர் நம் முறை போய்விடும் என்று பயப்படுகிறார். கொழுந்தனாரோ நம் முறையை எடுத்தால் தன் முறை போய்விடும் என்று பயப்படுகிறார். நடுவில் கிணறு தளும்ப நிற்கிறது. எனக்கு இரண்டு பேர் தலையையும் சேர்த்து மோதினால் என்ன என்று தோன்றியது. பத்து வயது வித்தியாசம், ஒரே அம்மா வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

வழியில் இவர், பாத்தியா, அவனே வேண்டாங்கான், நாமளே பாய்ச்சிருவோம் என்று தொடங்கினார். நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். பாய்ச்சினால் நான் ராயகிரிக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றேன். முப்பது வருஷத்தில் சொல்லாத சொல். இவர் என்னைப் பார்த்துவிட்டு, செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டுகிற மாதிரி கொஞ்ச நேரம் தட்டினார்.

மறுநாள் காலையில் கரண்ட் வந்தது. கிணற்றடியில் ஸ்டார்ட்டர் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. மோட்டார் ஓடவில்லை. அந்த அமைதி எங்கள் இரண்டு பேருக்குமே புதிது. இவர் தோட்டத்தை இரண்டு சுற்று சுற்றினார், வாய்க்காலில் இல்லாத புல்லைச் செதுக்கினார், கிணற்றை எட்டிப் பார்த்து, தண்ணீர் ரெண்டு படி ஏறியிருக்கு என்றார், யாரோ செத்துப்போன சேதி மாதிரி. சாலையில் போன ஒருத்தர் சைக்கிளை நிறுத்தி, மோட்டார் ரிப்பேரா வே என்று கேட்டார். இவர் ஆமாம் என்று பொய் சொன்னார்.

பதினொன்றரைக்கு இலைகள் சாய ஆரம்பித்தன. பன்னிரண்டரைக்கு ஒன்றரை ஏக்கரும் தொங்கிக்கொண்டு நின்றது. வேறு தோட்டம் என்றால் நானே பதறியிருப்பேன். இவர் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, மெதுவாக ஸ்டார்ட்டர் பெட்டிப் பக்கம் நடந்தார். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். ஒரு மாதமாகப் பேசியாயிற்று. பெட்டிக்கு முன்னால் போய் நின்று, கையைப் பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கையை அப்படியே வைத்துக்கொண்டு செடிகளைப் பார்த்தார். பிறகு பெட்டியின் கதவைச் சாத்தி, கொக்கியை மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். இரண்டரைக்கு விளக்கு அணைந்தது. அப்போதுதான் இருவரும் சோற்றுச் சட்டியைத் திறந்தோம்.

நாலரை மணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்து மணிக்கு மேல்பக்கத்துப் பாத்திகளில் ஒவ்வொரு கொப்பாக எழும்பியது. வெயில் சரியச் சரிய, தூங்கினவர்கள் எழுந்து உட்கார்வது போல வரிசை வரிசையாக நிமிர்ந்தது. கடைசிப் பாத்திகள் எழவில்லை, அவை ஏற்கனவே போனவை. இவர் ஒவ்வொரு பாத்தியாக நடந்து, எழுந்தது எவை, எழாதது எவை என்று பார்த்துக்கொண்டே போனார். திரும்பி வரும்போது நடை கொஞ்சம் மாறியிருந்தது.

"வேரு விஷயம் சரி. நீ சொன்னதுதான்," என்றார். "இந்தப் பூவுக்கு என்ன செய்ய? ராத்திரி குளிர என்ன செய்ய?"

"தெரியலை."

"தெரியாமலா ஒரு மாசமா எங்கூட இந்தச் சண்டை போட்டே?"

பூவுக்கு என்ன செய்ய என்பதற்கு என்னிடம் பதில் இருந்திருந்தால் சண்டையே வந்திருக்காது. தெரிந்ததற்குக்கூட ஒரு மாதம் ஆனது இவரிடம் சொல்லிச் சேர்க்க. தெரியாததற்கு நான் யாரிடம் போய்ச் சண்டை போட?

மூன்று நாளும் மோட்டார் ஓடவில்லை. மேல்பக்கத்துச் செடிகள் தங்கின. பூ விழுந்துகொண்டுதான் இருந்தது. எந்தப் பூ நின்றதோ அதில் காய் பிடித்தது. வழக்கத்தில் பாதிகூட இல்லை. காய்ந்த வத்தலை அள்ளினபின் மிச்சம் நின்ற சாக்குகளை இவர் மடித்துத் திரும்பப் பரணில் வைத்தார்.

மோட்டார் ஓடாத அந்த மூன்று நாள் முடிந்து, நாலாம் நாள் கொழுந்தனார் முறை. கரண்ட் வந்த நிமிஷமே மோட்டாரைப் போட்டார். மூன்று நாள் ஊறின கிணறு, தண்ணீர் குழாயை உடைத்துக்கொண்டு வருகிற மாதிரி பாய்ந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரம் மரமாக மடை திறந்தார். அந்த எலுமிச்சைத் தூர் எல்லாம் அவருடைய போன முறையின் ஈரத்திலேயே இன்னும் சொதசொதவென்று கிடந்தது. வரப்பில் நின்ற எனக்கே கால் புதைந்தது. ஓரகத்தி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

"சொல்லிப் பாக்கட்டாக்கா?" என்றாள்.

"ஒரு மாசம் ஆகும்," என்றேன்.